நிரப்பிய ரவைக்கூடும் நிம்மதியான வீடும்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சின்னக் கம்பிச்சுருள். கைத்துப்பாக்கியின் ரவைக்கூட்டுக்குள் இருக்கிற ஸ்பிரிங். வீட்டுப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ரவைக்கூட்டை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்துவிடுமா? அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் பல பத்தாண்டுகளாக வாதாடிவரும் கேள்வி இது. அங்கே குடியேறிய நம் உறவுகள் மூலம் இந்தக் கேள்வி நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது.

மன்னார்த் தீவில் இருக்கிற நம் தாழ்வுபாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தீவு துவக்கைப் பார்க்காத தீவா? 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பிறகு வெள்ளைக்காரர் வந்தார்கள். அதன் பிறகு 2009 வரை நம் கண் முன்னாலேயே போர் நடந்தது. துவக்கு என்றால் என்ன என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதன் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைப் பற்றி நாம் பேசியதில்லை. இன்று பேசுவோம். முதலில் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுவோம். பிறகு, அந்த ஸ்பிரிங் காத்துக் கிடக்கிற வீட்டைப் பற்றிப் பேசுவோம்.

ரவைக்கூடு என்பது என்ன? ஒரு தகரப் பெட்டி. அதன் அடியில் நெளிவு நெளிவாக வளைத்த ஒரு கம்பி. கம்பியின் தலையில் ஒரு தட்டு. தட்டின் மேல் ரவைகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. பெட்டியின் வாயில் இரண்டு உதடுகள் உள்நோக்கி வளைந்து, மேலே உள்ள ரவை துள்ளி வெளியே விழாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு ரவை வெடித்துக் கோது வெளியேறியதும், அடுத்த ரவையை மேலே தள்ளுவது அந்தக் கம்பியின் வேலை. இது நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குள் நடக்க வேண்டும். கம்பி சோர்ந்தால் ரவை பாதி வழியில் சிக்கும், துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அதை வைத்திருப்பவருக்கு இந்தப் பயம்.

ஸ்பிரிங்கின் அடிப்படை விதியை முதலில் கண்டவர் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய அறிஞர். 1676இல் அவர் தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். வேறு யாரும் திருடிவிடக் கூடாது என்பதற்காக. 1678இல் புதிரை அவிழ்த்தார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை. அவ்வளவுதான் விதி. இழுத்ததை விட்டால் கம்பி பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் வளைத்தால் முழுதாகத் திரும்பும். எல்லை தாண்டி வளைத்தால் திரும்பாது, கம்பி குட்டையாகிவிடும்.

அப்படியானால் எல்லைக்குள்ளேயே அழுத்தி, அழுத்தியபடியே பத்து ஆண்டுகள் வைத்திருந்தால்? அங்கேதான் நம் கேள்வி நிற்கிறது.

தளர்ச்சிக்கு முதல் காரணம் எல்லை மீறிய அழுத்தம். அமெரிக்கப் படை 1911இல் ஏற்றுக்கொண்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியின் ரவைக்கூட்டில் 7 ரவைகள். 1935இல் வந்த பிரௌனிங் ஹைபவரில் 13. 1982இல் ஆஸ்திரியப் படைக்குத் தெரிவான குளொக் 17இல் 17. ரவையின் எண்ணிக்கை கூடக் கூட, கம்பிக்கு ஒதுங்க இடம் குறைகிறது. அதனால் சில ரவைக்கூடுகளில் கம்பி எல்லைக்கு மிக அருகில் போய்விடுகிறது. ‘ஒன்றிரண்டு ரவை குறைத்து நிரப்பு’ என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான். நல்ல உருக்குக் கம்பியை முறையாகச் செய்கிறவர்கள், தொழிற்சாலையிலேயே ஒருமுறை முழுதாக அழுத்தி, குட்டையாக வேண்டியதை அங்கேயே குட்டையாக்கிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

இரண்டாவது காரணம் மீண்டும் மீண்டும் அழுத்தி விடுவது. 1842 மே 8ஆம் திகதி பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகையிரதத்தின் அச்சு முறிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அச்சு பார்வைக்கு நல்ல இரும்பு. பிறகு ஏன் முறிந்தது? ஜேர்மனியில் அவுகுஸ்ட் வோலர் என்ற புகையிரதப் பொறியியலாளர் இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகள் துருவி ஆராய்ந்தார். சிறிய சுமைதான் என்றாலும், அது ஏறி இறங்கி, ஏறி இறங்கி வந்தால், உலோகம் ஒருநாள் முறிந்துவிடும் என்று காட்டினார். உலோகத்தின் களைப்பு என்று அதைச் சொல்கிறோம். தலைமன்னாருக்கு ஓடுகிற புகையிரதத்தின் அச்சுகளும் இந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன. நம் தெற்குக் கரையோரம் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் முப்பது காற்றாலைகளின் இறக்கைகளும் இந்தக் கணக்கில்தான் சுழல்கின்றன.

மூன்றாவது காரணத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு! உப்புக் காற்று! சோளகம் அடிக்கிற மாதங்களில் நம் வீட்டு யன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது? துரு விழுந்த ஒரு புள்ளியிலிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது. களைப்பும் துருவும் கைகோத்தால் எந்தக் கம்பியும் தாங்காது.

படகு என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்துக் கிளப்புகிறோம். இழுத்த கயிற்றைத் திரும்ப உள்ளே சுற்றி எடுப்பது மூடிக்குள் இருக்கிற ஒரு தட்டை ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எப்போதும் முறுக்கேறியே இருக்கிறது. படகு கரையில் கிடந்தாலும் முறுக்குத்தான், கடலில் ஓடினாலும் முறுக்குத்தான். ஆனால் அது எப்போது முறிகிறது? சும்மா கிடக்கும்போதா? இல்லை. ஆயிரம் தடவை இழுத்த பிறகு, உப்புத் தண்ணீர் குடித்த பிறகு, துரு தின்ற பிறகு முறிகிறது. அமெரிக்காவில் வாதாடுகிறவர்களுக்கு வேண்டிய பதில் தாழ்வுபாட்டுக் கரையில் ஒவ்வொரு படகின் பின்புறத்திலும் தொங்கிக்கொண்டிருக்கிறது!

‘அழுத்தியே வைத்தால் மெல்ல மெல்ல இளகாதா?’ என்று யாராவது கேட்கலாம். இளகும், ஆனால் அதற்கு வெப்பம் வேண்டும். உருக்கு ஏறத்தாழ 1500 பாகை செல்சியசில் உருகுகிறது. சும்மா நிற்கிற சுமையால் அது மெல்ல நீண்டு கொடுப்பது ஏறத்தாழ 400 பாகைக்கு மேல்தான் கணக்கில் எடுக்கத் தக்கதாகிறது. நம் மன்னார் வெயில் எவ்வளவு? முப்பத்தைந்து, முப்பத்தாறு. இந்த வெப்பத்தில் நல்ல உருக்குக் கம்பி இளகுவது அளந்து பார்த்தாலும் அற்பம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிரப்பி, பெட்டியில் மறந்துவிட்ட ரவைக்கூடுகள் பல பத்தாண்டுகள் கழித்தும் வேலை செய்ததாக அமெரிக்க ஆயுத இதழ்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கின்றன. பொறியியல் சொல்வதும் அதுதான். வாராவாரம் ரவைகளைக் கழற்றி, மறுபடி நிரப்பி, ஸ்பிரிங்குக்கு ‘ஓய்வு’ கொடுப்பதாக நினைப்பவர்கள்தான் அதைக் களைக்க வைக்கிறார்கள். அது மட்டுமா? நிரப்பும்போதும் கழற்றும்போதும்தான் தவறிச் சுடுகிற ஆபத்து.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நிரப்பிய ரவைக்கூட்டில் ஸ்பிரிங் சும்மா இருந்து தளர்வதில்லை. உருக்கு காத்திருக்கும். ஓர் ஆண்டு காத்திருக்கும். பத்து ஆண்டு காத்திருக்கும். நாம் மறந்த பிறகும் காத்திருக்கும்.

அன்பானவர்களே! இங்கே பேச்சை முடித்துக்கொண்டு நான் இறங்கிப் போகலாம். ஆனால் மனச்சாட்சி விடவில்லை. ஸ்பிரிங் தாங்கும் என்று சொல்லிவிட்டேன். வீடு தாங்குமா? அதைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மை சொன்னவனாவேன்.

துவக்கின் வரலாற்றைப் பாருங்கள். முதலில் வந்த துவக்குகளில் ஸ்பிரிங்குக்குப் பெரிய வேலை இல்லை. எரியும் திரியைக் கையில் வைத்திருக்க வேண்டும். திரி புகையும், மணக்கும், இருட்டில் ஒளிரும். அப்படிப்பட்ட துவக்கை மெத்தைக்கு அடியில் தயாராக வைக்க முடியாது. பிறகு, முறுக்கிய ஸ்பிரிங்கின் வலுவால் தானே தீப்பொறி எழுப்பும் சக்கரப் பூட்டுத் துவக்கு ஐரோப்பாவில் வந்தது. இப்போது நிரப்பி, முறுக்கி, மேலங்கிக்குள் மறைத்து வைக்கலாம். உடனே என்ன நடந்தது? 1517இல் மக்சிமிலியன் பேரரசர் ஆஸ்திரியாவில் அதைத் தடை செய்தார். பார்த்தீர்களா? ‘எப்போதும் தயார்’ என்ற துவக்கு பிறந்த கையோடு அதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் பிறந்தது. ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஆட்சியாளருக்குத் தெரிந்திருந்தது.

தயாராகக் காத்திருக்கும் ஆயுதம் யாரைக் கொல்கிறது? நம் நாட்டிலேயே இரண்டு சாட்சி உண்டு.

ஒன்று, கட்டுத்துவக்கு. காட்டோர வயல்களில் பன்றிக்கு வைப்பது. துவக்கை நிரப்பி, மரத்தில் கட்டி, விசையிலிருந்து ஒரு கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே கட்டிவிட்டு வருகிறார்கள். பயிரைக் காப்பதற்குத்தானே வைக்கிறார்கள்? நோக்கம் நல்ல நோக்கம்தானே? ஆனால் கயிற்றுக்குப் பன்றி யார், மனிதன் யார் என்று தெரியுமா? விறகுக்குப் போனவர், தேனுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், சில வேளை அதைக் கட்டிய ஆளே அதில் அகப்படுகிறார். பன்றியின் உயரத்துக்குக் குறிவைத்துக் கட்டுவதால் காயம் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியோ அதற்குக் கீழோ விழுகிறது. காலை இழந்து ஊர் திரும்பியவர்கள் வன்னியிலும் இருக்கிறார்கள், வடமத்தியிலும் இருக்கிறார்கள்.

மற்றது, மிதிவெடி. பலவகை மிதிவெடிகளுக்குள் அடிக்கும் ஊசியைத் தள்ளுவது ஒரு சிறு ஸ்பிரிங்தான். போர் 2009 மே மாதம் முடிந்தது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மனிதர்கள் சண்டையை முடித்துவிட்டார்கள், கையொப்பமும் இட்டுவிட்டார்கள். மண்ணுக்குள் கிடக்கிற ஸ்பிரிங்குக்கு அது தெரியுமா? பெருநிலப்பரப்பில் நம் சகோதரிகள் முகக்கவசம் அணிந்து, முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணைச் சுரண்டியதைப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்பிரிங் தளரவில்லை என்பதால்தான் அந்தப் பாடு! உருக்கு காத்திருக்கும் என்று நான் சொன்னதன் பொருள் இதுதான்.

வீட்டுக்கு வருவோம். அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில், வீட்டில் துப்பாக்கியைக் கழற்றியோ பூட்டியோ, ரவை இல்லாமல்தான் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. 2008 ஜூன் 26ஆம் திகதி ஹெலர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. ஐந்து நீதியரசர்கள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். தற்காப்புக்கு உடனே எடுக்க முடியாவிட்டால் உரிமைக்குப் பொருள் என்ன என்பது அந்த ஐவரின் வாதம். அது அந்த நாட்டுச் சட்டம். அந்த வாதத்தையும் நாம் மதித்துக் கேட்போம். இரவில் தனியாக இருக்கும் ஒருத்தியின் பயம் பொய்யல்ல.

ஆனால் மருத்துவர்கள் என்ன கண்டார்கள்? 1993இல் ஆர்தர் கெலர்மனும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டார்கள். கொன்றது யார்? பெரும்பாலும் கூரை பிரித்து வந்த கள்ளன் அல்ல. குடும்பத்தவர், நெருங்கிப் பழகியவர். 2020இல் கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் தம்மையே சுட்டுக்கொள்ளும் ஆபத்து, வைத்திராத ஆண்களைவிட ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. கள்ளனுக்காக நிரப்பிய ரவை யாருக்காகக் காத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

‘சாக நினைத்தவன் எப்படியும் செத்துவிடுவான்’ என்று ஒரு பேச்சு நம்மிடையே இருக்கிறது. அது பொய்! பொய் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டிய நாடு எது தெரியுமா? நம் இலங்கை! 1995இல் இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. அந்த ஆண்டே மிகக் கொடிய பூச்சிமருந்து வகைகள் தடை செய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்ஃபானும் தடையானது. பத்தே ஆண்டில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அந்தப் பத்து ஆண்டில் வறுமை ஒழிந்ததா? போர் முடிந்ததா? கடன் தீர்ந்ததா? ஒன்றும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய பொருள் அகற்றப்பட்டது. அவ்வளவுதான். ஆத்திரமும் துயரமும் கடல் அலைபோல எழும், விழும். அலை உச்சத்தில் இருக்கிற அந்தச் சில நிமிடத்தில் கைக்கு என்ன எட்டுகிறது என்பதில்தான் ஓர் உயிர் தங்கியிருக்கிறது.

உருக்கு காத்திருக்கும். ஆத்திரம் காத்திருக்காது. இந்த இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

கள்ளன் வந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் துவக்கு இருப்பது தெரிந்தால் கள்ளன் வராமல் போவானா, துவக்குக்காகவே வருவானா? 1971இல் தெற்கில் கிளர்ச்சி எழுந்தபோது வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகள்தான் தேடித் தேடிப் பறிக்கப்பட்டன. வடக்கிலும் பிற்காலத்தில் அதே கதை நடந்தது. வீட்டைக் காக்க வாங்கிய துவக்கு வீட்டுக்கு ஆளைக் கூட்டி வந்தது!

நம் உறவுகள் வாழும் நாடுகளும் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் பிஞ்சுக் குழந்தைகள் கொல்லப்பட்டபின், அடுத்த ஆண்டே பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. கனடாவில் வீட்டில் வைக்கும் துப்பாக்கியில் ரவை இருக்கக் கூடாது என்பது சட்டம். 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் முடக்கப்பட்டது. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நூறாண்டு தாண்டியும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2024இல் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று பொதுமக்களுக்கு வழங்கிய துப்பாக்கிகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது.

ஆகவே அன்பானவர்களே, உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

பயிர் காக்க அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் பெருநிலப்பரப்பு உறவுகளே! வீட்டுக்கு வந்ததும் ரவையைக் கழற்றுங்கள். துவக்கை ஓரிடத்திலும் ரவையை வேறோரிடத்திலும் வைத்துப் பூட்டுங்கள். திறப்பைப் பிள்ளைகள் அறியாத இடத்தில் வையுங்கள். கட்டுத்துவக்கு கட்டாதீர்கள், கட்டுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

பிள்ளைகளே! கரையிலோ காணியிலோ பழைய ரவைக்கூடு, ரவை, வெடிபொருள் எது கண்டாலும் தொடாதீர்கள். துருப்பிடித்திருக்கிறதே, செத்துப்போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். ஸ்பிரிங் சாகவில்லை என்பதை இன்று கேட்டுவிட்டீர்கள். தள்ளி நின்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். பெரியவர்களே, பொலிஸ் அவசர எண் 119க்கு அழையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும் தாய்மாரே! ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிறீர்கள். ‘வீட்டில் துவக்கு வைத்திருக்கிறாயா, பூட்டி வைத்திருக்கிறாயா’ என்றும் கேளுங்கள். மனம் உடைந்து கிடக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால், அவரைத் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 1926க்கு அழைத்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். முற்றத்துக்கு ஒரு விளக்குப் போடுங்கள். அயல் வீட்டாரோடு பகை தீர்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் பத்து அயலார் உள்ள வீட்டைவிடக் காவல் மிக்க வீடு இந்த உலகில் இல்லை. அந்தக் காவலைத் தாழ்வுபாடு கட்டிக் காக்கட்டும்.